வலையில வந்தது எத்தனை, தண்ணியில இருக்கறது எத்தனை? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பெரும்பாலானது கடலோர சதுப்பு, கழிமுகம், வளைகுடான்னு பாதுகாக்கப்பட்ட இடங்கள்ல மீன் கணக்கெடுக்கறத பத்திதான். அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு தள்ளி வச்சிட்டு இதையே எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: மேடம், பாதுகாக்கப்பட்ட வளைகுடாவுல மீன் கூடியிருக்கு, குறைஞ்சிருக்குன்னு அப்பப்போ செய்தி வருது. தண்ணிக்குள்ள ஓடிட்டு இருக்கற மீன யாரு எண்ணினா, எப்படி எண்ணினா?

பதில்: முழுசா யாரும் எண்ணல, எண்ணவும் முடியாது. செய்தில வர்ற நம்பர் பெரும்பாலும் மொத்த மீன் கணக்கு கிடையாது, ஒரே வலைய, ஒரே மாதிரி, ஒரே இடத்துல இழுத்தா ஒரு இழுப்புக்கு சராசரியா எத்தனை வருதுன்ற கணக்குதான். துறையில இத சிபியூஇன்னு சொல்வாங்க, அதாவது போட்ட உழைப்புக்கு எவ்வளவு மீன் கிடைச்சுதுன்னு. ஒரு தெருமுனைல தினமும் அதே நேரத்துல பத்து நிமிஷம் நின்னு போறவங்க வர்றவங்கள எண்ணிட்டே இருந்தா ஊர் ஜனத்தொகை தெரியாது, ஆனா கூட்டம் கூடுதா குறையுதான்னு தெரிஞ்சிடும்ல, அதே மாதிரிதான் இது. அதுக்கு ஒரே நிபந்தனை, நிக்கற இடத்தையும் நேரத்தையும் மாத்தக்கூடாது.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்தோட செசபீக் வளைகுடா. ஸ்ட்ரைப்டு பாஸ்னு ஒரு மீன், கடல்ல வளர்ந்துட்டு முட்டை போட நல்ல தண்ணி ஆத்துக்கு ஏறி வரும். அந்தந்த வருஷம் பொறிச்ச குஞ்சுகள 1954ல இருந்து வருஷா வருஷம் எண்ணிட்டு வர்றாங்க. 22 இடம், ஜூலை ஆகஸ்ட் செப்டம்பர்னு மாசம் ஒரு தடவை, போறப்பெல்லாம் 100 அடி கரைவலைய ரெண்டு இழுப்பு, ஆக வருஷத்துக்கு 132 இழுப்பு. பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ரெண்டு பேரு இடுப்பளவு தண்ணியில வலைய வளைச்சு கரைக்கு இழுக்கறாங்க, வந்தத எண்ணிட்டு திருப்பி விடறாங்க, அவ்வளவுதான். ஆனா 1970கள்ல இந்த மீன் சரிய ஆரம்பிச்சு 1985ல மேரிலாண்ட்ல பிடிக்கவே தடை போட்டப்போ, தடைய எப்ப எடுக்கறதுன்றதுக்கு அளவுகோலா வச்சது இந்த குஞ்சு கணக்கதான், இழுப்புக்கு எத்தனை குஞ்சுன்ற மூணு வருஷ சராசரி 8ஐ தொடணும்னு. 1989ல குஞ்சு நிறைய வந்து சராசரி அத தாண்டிச்சு, 1990ல கட்டுப்பாட்டோட மீன்பிடிக்க திறந்தாங்க. அதுக்கு முன்னாடி 30 வருஷ கணக்கு கையில இல்லாம இருந்திருந்தா 8ன்றது நல்ல நம்பரா கெட்ட நம்பரான்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. புதுசா ஒரு மெஷின் வாங்கறத விட பழைய வலையையே இன்னும் பத்து வருஷம் அதே மாதிரி இழுக்கறது பெரிய வேலைன்னு நான் திரும்ப திரும்ப சொல்றது இதனாலதான்.

கேள்வி: ஒரே கழிமுகத்த பத்தி ரெண்டு அறிக்கை படிச்சேன். ஒண்ணுல இருக்கற மீன் பேருல பாதி இன்னொண்ணுல இல்லவே இல்ல. யாரோ ஒருத்தர் தப்பா எழுதியிருக்காங்கதானே?

பதில்: அவசரப்படாதீங்க, ரெண்டுமே சரியா இருக்கலாம். முதல்ல ரெண்டு பேரும் என்ன வலை போட்டாங்கன்னு பாருங்க. கரைவலை மணல் கரையோரத்துல ஆழமில்லாத தண்ணியில திரியற சின்ன மீன வாரிட்டு வரும், நடு வாய்க்கால்ல அடில படுத்து கிடக்கற மீன் அதுக்கு தெரியவே தெரியாது. அத பிடிக்கணும்னா படகுல கட்டி இழுக்கற இழுவலை வேணும். செவுள் வலை இன்னொரு ரகம், அதோட கண்ணி, அதாவது வலை ஓட்டை அளவுக்கு ஏத்த மீன் மட்டும் செவுள்ல மாட்டும், சின்னது நுழைஞ்சு போயிடும், பெருசு முட்டிட்டு திரும்பிடும். அதனாலதான் சர்வேக்கு போடற செவுள் வலையில பல கண்ணி அளவுல துண்டு துண்டா சேர்த்து தைச்சிருப்பாங்க.

சதுப்பு புல்லு இருக்கே, அது தனி உலகம். ஓதம், அதாவது கடல் தண்ணி ஏத்த இறக்கம், ஏறும்போது குட்டி மீனெல்லாம் புல்லுக்குள்ள ஏறிடும், அங்க எந்த வலையையும் இழுக்க முடியாது. வத்தும்போது எல்லாம் ஓடை வழியா இறங்கி வந்தாகணும். அதனால தண்ணி உச்சத்துல இருக்கும்போதே ஓடை வாய்ல குறுக்க வலைய கட்டிட்டு, ரெண்டு ஓரத்தையும் சேத்துக்குள்ள நல்லா அழுத்தி விட்டுட்டு, தண்ணி முழுசா வத்தற வரைக்கும் காத்திருந்தா உள்ள போனது எல்லாம் வலையோட பை மாதிரி இருக்கற மடியில வந்து சேரும். பொறுமையான வேலை, மணிக்கணக்கா சேத்துல நிக்கணும், கொசுக்கடி வேற, ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச முறை இதுதான். ஏன்னா புல்லு அந்த மீனுக்கு எவ்வளவு முக்கியம்னு இதுல கண்ணால பாத்துடலாம்.

அடர்த்தியா செடி இருக்கற ஆழமில்லாத தண்ணிக்கு இன்னொரு வழி உண்டு. ஒரு சதுர மீட்டர் பெட்டி, மேலயும் கீழயும் திறந்திருக்கும், அத சட்டுன்னு தூக்கி எறிவாங்க, உள்ள மாட்டினத கைவலையால திரும்ப திரும்ப அள்ளுவாங்க, தொடர்ந்து பல தடவை அள்ளியும் ஒண்ணுமே வரலன்ற வரைக்கும். ஃபுளோரிடாவுல எவர்கிளேட்ஸ் சதுப்புல குட்டி மீன்கள எண்ண இததான் வருஷக்கணக்கா பயன்படுத்தறாங்க. பரப்பளவு தெளிவா தெரியறதால சதுர மீட்டருக்கு இத்தனைன்னு அடர்த்தியாவே சொல்லிடலாம், கரைவலைக்கு இந்த வசதி அவ்வளவா கிடையாது.

வலைய தவிர நேரமும் இருக்கு. பகல்ல ஆழத்துல இருக்கறதுல நிறைய மீன் ராத்திரி கரையோரம் வந்துடும், கோடைல வர்ற குஞ்சு குளிர்ல இருக்காது, பெரிய மழைக்கப்புறம் உப்பு குறைஞ்சா கடல் மீன் வெளிய நகந்து நல்ல தண்ணி மீன் உள்ள வரும். ரெண்டு அறிக்கையிலயும் மாசம், நேரம், ஓதம், கண்ணி அளவு இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. இதெல்லாம் எழுதாம வெறும் பேரு பட்டியல் மட்டும் போட்டிருந்தா அந்த அறிக்கைய வச்சு நான் எந்த முடிவுக்கும் வரமாட்டேன்.

கேள்வி: நான் விலங்கியல் படிக்கிறேன் மேடம். மீனுக்கு அடையாளம் போட்டு விட்டு மறுபடி பிடிச்சு மொத்தத்த கணக்கு போடற ஃபார்முலா பாடத்துல இருக்கு. வளைகுடாவுல அத பயன்படுத்த முடியுமா?

பதில்: நல்ல கேள்வி. அந்த முறைக்கு பேர் வாங்கி கொடுத்ததே ஒரு கடல் மீன் ஆராய்ச்சிதான், டென்மார்க்ல பீட்டர்சன்னு ஒரு விஞ்ஞானி 1890கள்ல லிம்ஃபியோர்ட்ல தட்டை மீனுக்கு அடையாளம் போட்டு ஆரம்பிச்சு வச்சது. கணக்கு உங்களுக்கே தெரியும், இருந்தாலும் மத்தவங்களுக்காக சொல்றேன். 200 மீனுக்கு அடையாளம் போட்டு விடறீங்க, பிறகு 150 பிடிக்கறீங்க, அதுல 12ல உங்க அடையாளம் இருக்குன்னு வைங்க. 200ஐ 150ஆல பெருக்கி 12ஆல வகுத்தா 2,500. மறுபடி சிக்கறது கொஞ்சமா இருக்கும்போது இது கூட்டி காட்டும்னு சேப்மன்னு ஒருத்தர் 1951ல ஒரு திருத்தம் கொடுத்தாரு, எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டி, 201ஐ 151ஆல பெருக்கி 13ஆல வகுத்து கடைசில ஒண்ண கழிக்கணும், அப்படி போட்டா சுமார் 2,334 வரும்.

பெருக்கல் வகுத்தல்ல பிரச்சனை இல்ல, அதுக்கு பின்னாடி இருக்கற நிபந்தனைலதான் இருக்கு. ரெண்டு பிடிப்புக்கும் நடுவுல மீன் உள்ள வரக்கூடாது, வெளிய போகக்கூடாது, அடையாளம் விழக்கூடாது, அடையாளம் போட்ட மீன் மத்ததோட நல்லா கலந்திருக்கணும், ஒரு தடவை மாட்டின மீன் வலைய பாத்து ஒதுங்கவும் கூடாது. ஏரின்னா பரவால்ல, ஆனா வளைகுடா வாய் திறந்து கிடக்கு, ஒரு ஓதம் ஏறி வத்தினாலே நீங்க அடையாளம் போட்டதுல பாதி வெளிய போயிருக்கலாம், அப்ப மறுபடி சிக்கறது குறையும், கணக்கு உண்மைய விட எங்கயோ மேல போயிடும். மீன் நிறைய இருக்குன்னு சந்தோஷப்படுவோம், ஆனா நடந்தது மீன் ஓடிப்போனதுதான்.

சின்ன ஓடைன்னா மேலயும் கீழயும் வலைய கட்டி அடைச்சிட்டு செய்யலாம். அப்படி அடைச்ச இடத்துல அடையாளமே போடாம இன்னொரு வழியும் இருக்கு, பிடிச்சத வெளிய எடுத்து வச்சிட்டே திரும்ப திரும்ப இழுக்கறது. முதல் இழுப்புல 120, ரெண்டாவதுல 60, மூணாவதுல 30ன்னு வந்தா ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கறதுல பாதி வருதுன்னு அர்த்தம், அந்த போக்க அப்படியே நீட்டினா மொத்தம் 240. பெரிய வளைகுடாவுக்கு அடையாளம் போடறதுல பயனே இல்லன்னு நினைச்சிடாதீங்க, மீன் எங்க போகுது, எத்தனை வருஷம் கழிச்சு திரும்புதுன்னு தெரிஞ்சுக்க அத விட நல்ல வழி கிடையாது. மொத்த எண்ணிக்கை சொல்றதுக்கு மட்டும் அத நம்பாதீங்க.

கேள்வி: பாதுகாக்கப்பட்ட இடம்னு போர்டு வச்சிட்டு அங்கயே வலை போட்டு மீன பிடிச்சு அளந்தா அது என்ன பாதுகாப்பு? மனசு கேக்கல.

பதில்: உங்க மனசு கேக்காதது நியாயம்தான், இந்த கேள்விய சர்வே பண்றவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கணும். இழுவலையிலயும் செவுள் வலையிலயும் கொஞ்சம் மீன் சாகத்தான் செய்யும், அத மறைச்சு பேச நான் தயாரா இல்ல. அதனாலதான் அனுமதி இல்லாம இத யாரும் செய்யக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, அமெரிக்காவுல அழியற நிலையில இருக்கற மீன்னா எத்தனை வரைக்கும் பிடிபடலாம், எத்தனை சாகலாம்னு அனுமதி பத்திரத்துலயே எழுதியிருக்கும், அந்த எண்ணிக்கைய தொட்டா வேலைய நிறுத்திடணும்.

கரைவலைல பாதிப்ப ரொம்பவே குறைக்கலாம், எல்லாம் கை பழக்கத்துலதான் இருக்கு. வலைய காய்ஞ்ச மணல் வரைக்கும் இழுத்து போடக்கூடாது, கணுக்கால் தண்ணில நிறுத்தி மடிய தண்ணிக்குள்ளயே பிடிச்சுக்கணும். வாளிங்கள முன்னாடியே நிரப்பி காத்து குழாய் போட்டு ரெடியா வச்சிருக்கணும். நெத்திலி, சாளை வகை மீனுக்கெல்லாம் தொட்டாலே செதில் உதிரும், அத முதல்ல எடுத்து அளந்து விட்டுடணும், கடிக்கற பெரிய மீனுக்கு தனி வாளி, இல்லன்னா நீங்க எண்ணறதுக்குள்ள அது பாதிய தின்னுடும். கைய நனைச்சுட்டுதான் தொடணும். ஒவ்வொரு வகைலயும் 20, 30 மீன அளந்தா போதும், மீதிய எண்ணிட்டு அப்படியே விடலாம், எல்லாத்தையும் பலகைல படுக்க வைக்கணும்னு அவசியம் இல்ல. உச்சி வெயில்ல தண்ணி சூடேறி ஆக்சிஜன் குறைஞ்சிருக்கும், அப்ப ரெண்டு இழுப்பு குறைச்சாலும் தப்பில்ல. பறவை கூடு கட்டற சமயம் அந்த கரை பக்கமே போகக்கூடாது. ஒரு இடத்துல போட்ட வலைய நல்லா கழுவி காயவைக்காம அடுத்த இடத்துல போடவே கூடாது, வேத்து உயிரினம் ஒட்டிட்டு போயிடும்.

இவ்வளவு பாத்து செஞ்சும் அந்த வேலை தேவையான்னு கேட்டா, தேவைன்னுதான் சொல்வேன். சான்பிரான்சிஸ்கோ கழிமுகத்துல டெல்டா ஸ்மெல்ட்னு விரல் நீள மீன் ஒண்ணு இருக்கு, வேற எங்கயும் கிடையாது. 1967ல இருந்து அங்க இலையுதிர் காலத்துல இழுவலை சர்வே நடக்குது, அதோட சரிவ வருஷம் வருஷமா காட்டினது அந்த சர்வேதான், 1993ல அந்த மீன சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனமா அறிவிச்சதுக்கும் அந்த மாதிரி கணக்குதான் ஆதாரம். 2018ல அந்த சர்வேல ஒரு மீன் கூட மாட்டல. யாரும் எண்ணாம விட்டிருந்தா அது சத்தமில்லாம போயிருக்கும்.

கேள்வி: ஆத்துல கரண்ட் கொடுத்து மீன மயக்கி எண்ணறாங்களே, அத கடல் பக்கம் செய்யலாம்ல?

பதில்: முடியாது. உப்பு தண்ணி மீனோட உடம்ப விட நல்லா கரண்ட்ட கடத்தும், அதனால கரண்ட் மீன சுத்தி தண்ணி வழியாவே போயிடும், மீனுக்கு உரைக்கற அளவுக்கு கொடுக்கணும்னா ராட்சச சக்தி வேணும். நல்ல தண்ணிக்கு மட்டும்தான் அது.

கேள்வி: இப்பல்லாம் ஒரு பாட்டில் தண்ணி எடுத்து டிஎன்ஏ பாத்தாலே என்னென்ன மீன் இருக்குன்னு சொல்லிடறாங்களாம். இனிமே வலையே வேண்டாமா?

பதில்: எனக்கும் இதுல பெரிய நம்பிக்கை இருக்கு, முக்கியமா மேல கேட்ட அந்த மனசு கேக்காத கேள்விக்கு இது நல்ல பதில். மீன் சளி, கழிவு, செதில் வழியா தண்ணில விடற டிஎன்ஏவ வடிகட்டி எடுத்து, எந்த இனத்தோடதுன்னு பாக்கறாங்க. டென்மார்க்ல எல்சினோர் பக்கம் எடுத்த கடல் தண்ணில 15 வகை மீன கண்டுபிடிச்சதா 2012ல ஆய்வு வந்துச்சு, அதே இடத்துல வழக்கமான முறைகளையும் வச்சு பாத்தாங்க, டிஎன்ஏ எதுக்கும் குறைஞ்சு போகல. 2015ல ஜப்பான்காரங்க மைஃபிஷ்னு மீனுக்குன்னே ஒரு பிரைமர் செட் (தண்ணில இருந்து மீன் டிஎன்ஏவ மட்டும் பிரிச்சு பெருக்கறதுக்கான சின்ன டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு வந்தாங்க, அதுக்கப்புறம் இது உலகம் பூரா பரவிடுச்சு. கலிஃபோர்னியா காயல்கள்ல டைட்வாட்டர் கோபின்னு அஞ்சு சென்டிமீட்டர் மீன், 1994ல இருந்து அழியற நிலை பட்டியல்ல இருக்கு, அது இருக்கா இல்லையான்னு பாக்கறதுல கரைவலைய விட டிஎன்ஏ முறைதான் குறைவா தவறவிட்டுச்சு. அரிய மீன தொடாமலே பாக்க முடியுதுன்றது சின்ன விஷயம் இல்ல.

ஆனா அந்த பாட்டில் உங்களுக்கு எதெல்லாம் சொல்லாதுன்னும் தெரிஞ்சிருக்கணும். மீன் எத்தனைன்னு உறுதியா சொல்லாது, குஞ்சா தாயான்னு சொல்லாது, முட்டையோட இருக்கா, நோயா, எத்தனை வயசுன்னு எதுவும் சொல்லாது. ஒரு சதுப்ப பாதுகாக்கறதுக்கு பெரிய காரணமே அது குஞ்சு வளர்ற இடம்ன்றதுதான், அத நிரூபிக்க அளவு வேணும், அளவுக்கு மீன் கைக்கு வரணும். அப்புறம் ஓதம் டிஎன்ஏவ தூக்கிட்டு வேற இடத்துக்கு போகும், பக்கத்துல மீன் வெட்டற இடத்து கழிவு கலந்தா அந்த தண்ணில இல்லாத மீன் கூட ரிசல்ட்ல வந்து நிக்கும். என் கருத்து, டிஎன்ஏவ அடிக்கடி, நிறைய இடத்துல எடுங்க, வலைய குறைச்சு, ஆனா நிறுத்தாம போடுங்க. தண்ணி தெளிவா இருக்கற இடத்துல இரை வச்ச கேமராவையும் சேத்துக்கலாம், அதுல ஒரே ஃபிரேம்ல அதிகபட்சம் எத்தனை தெரியுதோ அத மட்டும் எடுத்துக்குவாங்க, இல்லன்னா ஒரே மீன் சுத்தி சுத்தி வந்து பத்தா கணக்காகிடும். கலங்கின கழிமுகத்துல கேமரா வேலைக்கு ஆகாது.

கேள்வி: இடத்த அடைச்சு வச்சா உண்மையிலேயே மீன் பெருகுதா? ஆதாரம் இருக்கா, இல்ல நம்பிக்கைதானா?

பதில்: இருக்கு, அதுவும் யாருமே மீனுக்காக திட்டம் போடாத ஒரு இடத்துல இருந்து. ஃபுளோரிடாவுல கென்னடி விண்வெளி மையத்த சுத்தி மெரிட் தீவு கழிமுகம். ராக்கெட் ஏவற பாதுகாப்புக்காக 1962ல அதுல ஒரு பகுதிய பூட்டினாங்க, படகு போகக்கூடாது, மீன் பிடிக்கக்கூடாது. 1986ல இருந்து 1990 வரைக்கும் பூட்டின தண்ணிலயும் பக்கத்துல திறந்த தண்ணிலயும் ஒரே மாதிரி வலை போட்டு பாத்தாங்க. ரெட் டிரம், பிளாக் டிரம், சீட்ரவுட் மாதிரி தூண்டில்காரங்க விரும்பற மீனெல்லாம் பூட்டின பக்கம் பல மடங்கு, அளவும் பெருசு. அடையாளம் போட்ட மீன் வெளிய போய் பிடிபட்டதும் பதிவாச்சு.

அதுக்கப்புறம் 2001ல வந்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியம். உலக சாதனை அளவு மீன் எங்கெங்க பிடிபட்டுச்சுன்னு பாத்தா அந்த பூட்டின இடத்த ஒட்டியே குவிஞ்சிருக்கு. எப்ப இருந்துன்னு பாருங்க, சீட்ரவுட்டுக்கு பூட்டி 9 வருஷத்துல சாதனை கூட ஆரம்பிச்சிடுச்சு, ரெட் டிரம்முக்கு 27 வருஷம், பிளாக் டிரம்முக்கு 31 வருஷம். காரணம் ஆயுசு, சீட்ரவுட் சுமார் 15 வருஷம், ரெட் டிரம் 35, பிளாக் டிரம் 70 வருஷம் வரைக்கும் வாழற மீன். ஆக ஒரு இடத்த அடைச்சு அஞ்சு வருஷத்துல சர்வே பண்ணிட்டு ஒண்ணும் மாறலன்னு திறந்து விடறவங்க எந்த மீன வச்சு சொல்றாங்கன்னு கேளுங்க. சீக்கிரம் வளர்ற மீன்லதான் சீக்கிரம் பதில் கிடைக்கும், மத்ததுக்கு ஒரு தலைமுறை காத்திருக்கணும்.

இன்னொண்ணு, அடைச்ச இடத்தையும் அடைக்காத இடத்தையும் மட்டும் ஒப்பிட்டா போதாது, பெரும்பாலும் நல்ல இடத்ததானே தேர்ந்தெடுத்து அடைக்கறாங்க, அங்க முன்னாடியே மீன் கூட இருந்திருக்கலாம். அடைக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் எண்ணி வச்சிருக்கணும், பிறகும் ரெண்டு பக்கமும் எண்ணணும். முன்னாடி எண்ண யாரும் காசு ஒதுக்கறதில்ல, எனக்கு ரொம்ப வருத்தம் இதுலதான்.

கேள்வி: பறவைய எண்ணினா போதாதா? பறவை வந்தா மீன் இருக்குன்னுதானே அர்த்தம்?

பதில்: ரொம்ப காலம் உலகமே அப்படித்தான் நினைச்சுது. சதுப்பு நிலங்கள பாதுகாக்கற ராம்சர்ன்ற சர்வதேச ஒப்பந்தம் 1971ல கையெழுத்தானப்போ நீர்ப்பறவைதான் மையம், மீனுக்குன்னு தனி தகுதிகள் 1996லதான் சேந்துச்சு, இப்ப 7வது, 8வது தகுதி அதுதான். உள்ளூர் மீன் வகை குறிப்பிடத்தக்க அளவுல இருக்கணும், இல்ல மீனுக்கு இரை, முட்டையிடற இடம், குஞ்சு வளர்ற இடம், போற வழி இதுல ஏதாவது ஒண்ணா இருக்கணும். கொக்கு கரையோரத்துல சிக்கறத தின்னும், ஆழத்துல என்ன நடக்குதுன்னு அது சொல்லாது.

கேள்வி: எங்க குழு சர்வேல போன வருஷத்த விட சராசரி பத்துல ஒரு பங்கா விழுந்துடுச்சு. மீன் அழிஞ்சு போச்சுன்னு அறிக்கை விடலாமா?

பதில்: தயவு செஞ்சு ஒரு வாரம் பொறுங்க. குஞ்சு மீன் கூட்டமா திரியும், அதுதான் சிக்கல். பத்து இழுப்புல ஒன்பது இழுப்புக்கு மூணு மூணு மீன் வந்து ஒரு இழுப்புல மட்டும் ஒரு கூட்டம் மாட்டி 500 வந்தா சாதாரண சராசரி 52.7. அந்த கூட்டம் அடுத்த வருஷம் 20 மீட்டர் தள்ளி போயிருந்தா சராசரி 3. மீன் அப்படியேதான் இருக்கு, உங்க நம்பர்தான் குதிச்சுது. அதனாலதான் மடக்கை எடுத்து பெருக்கு சராசரியும் போடறாங்க, முதல் வருஷ கணக்குக்கே அது 5 கிட்டதான் வரும், 3க்கும் 5க்கும் நடுவுல யாரும் அலறமாட்டாங்க. ஒவ்வொரு இழுப்போட நம்பரையும் தனித்தனியா அறிக்கைல போடுங்க, சராசரி மட்டும் போடாதீங்க.

அதுக்கப்புறம் தண்ணிய பாருங்க, உப்பு, வெப்பம், ஆக்சிஜன், அந்த வருஷம் மழை எப்படின்னு. உண்மையான சரிவும் வரத்தான் செய்யும். 2021 பிப்ரவரில டெக்சாஸ் குடாக்கள்ல கடுங்குளிர் அடிச்சு குறைஞ்சது 38 லட்சம் மீன் செத்ததா மாநில அரசு துறை கணக்கு சொல்லுச்சு. அங்க 1970கள்ல இருந்தே வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் ஒரே மாதிரி செவுள் வலை போட்டு வர்றதால எந்த குடால எந்த மீன் எவ்வளவு போச்சுன்னு பழசோட ஒப்பிட முடிஞ்சுது. உங்ககிட்ட ரெண்டு வருஷ கணக்குதான் இருக்குன்னா, விழுந்திருக்குன்னு சொல்லுங்க, அழிஞ்சிடுச்சுன்னு சொல்லாதீங்க.

கேள்வி: நான் மீன்பிடி தொழில் பண்றவன்மா. எந்த கழில எப்ப என்ன மீன் ஏறும்னு எங்களுக்கு தெரியாததா? எங்ககிட்ட கேட்டா ஒரு நாள்ல சொல்லிடுவோம், எதுக்கு இத்தனை சர்வே?

பதில்: ஐயா, நீங்க சொல்றதுல முக்கால்வாசி உண்மை, உங்கள மாதிரி ஆளுங்கள கேக்காம வரைபடத்த பாத்து இடம் குறிச்சு வலை போட்ட சர்வே எல்லாம் நிறைய காச வீணாக்கியிருக்கு. எந்த மாசம் முட்டை மீன் வரும், எந்த திட்டு புதுசா மேடிட்டிருக்கு, எந்த வாய்க்கால்ல கல்லு இருக்கு, இதெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு. சர்வேக்கு படகும் ஆளும் எடுக்கும்போது அந்த தண்ணிலயே தொழில் பண்றவங்கள சம்பளத்தோட எடுக்கணும், முடிவுகள அவங்க மொழில அவங்ககிட்ட திருப்பி சொல்லணும், இத நான் உறுதியா நம்பறேன்.

ஆனா ஒரு இடத்துல மட்டும் நான் மாறுபடறேன். நீங்க மீன் இருக்கற இடத்த தேடி போவீங்க, அதுதானே தொழில். மீன் குறைய குறைய மிச்சம் இருக்கறது ஒரே இடத்துல சேரும், உங்க வலையும் அங்கதான் போகும், அதனால உங்களுக்கு கடைசி வரைக்கும் மீன்பாடு நல்லாவே தெரியும். கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து காட் மீனுக்கு இதுதான் நடந்துச்சு, பெரிய படகுங்களோட பிடிப்பு விகிதம் நல்லா இருக்குன்னு நம்பிட்டு இருந்தாங்க, 1992ல மொத்தமா மூட வேண்டியதாச்சு. சர்வே வலை மீன் இல்லாத இடத்துலயும் போடப்படுது, அந்த வெறும் வலைக்கும் ஒரு சேதி இருக்கு, அத தொழில்ல யாரும் பதிஞ்சு வைக்க மாட்டாங்க, வைக்கவும் முடியாது. உங்க கணக்கும் வேணும்யா, இந்த கணக்கும் வேணும்.

கேள்வி: எங்க கல்லூரி இயற்கை மன்றத்துல இருந்து அனுமதி பெற்ற குழுவோட சேந்து கரைவலை சர்வேக்கு உதவ போறோம். என்னென்ன குறிச்சுக்கணும்?

பதில்: ரொம்ப சந்தோஷம். வலை தண்ணிய தொடறதுக்கு முன்னாடியே தேதி, நேரம், இடத்தோட ஜிபிஎஸ், ஓதம் ஏறுதா வத்துதா, தண்ணி வெப்பம், உப்பு, ஆக்சிஜன், கலங்கல் எல்லாம் எழுதிடுங்க, மீன் வந்தப்புறம் யாருக்கும் நேரம் இருக்காது. வலை நீளம், கண்ணி, கரைல இருந்து எவ்வளவு தூரத்துல ஆரம்பிச்சு இழுத்தீங்கன்னு எழுதுங்க. நீளத்த மொத்த நீளமா எடுக்கறீங்களா, வால் பிளவு வரைக்குமா, வால் ஆரம்பிக்கற இடம் வரைக்குமான்னு குழுல எல்லாரும் ஒண்ணா முடிவு பண்ணிட்டு தாள்லயே குறிச்சிடுங்க, இத கலந்துட்டா பிறகு பிரிக்கவே முடியாது. பேரு தெரியாத மீன ஊகத்துல எழுதாதீங்க, அளவுகோல் பக்கத்துல வச்சு பக்கவாட்டுல படம் எடுத்து எண் போட்டு வைங்க, துடுப்பு விரிஞ்சு தெரியணும்.

இழுக்கும்போது ஒருத்தர் வேலை வலையோட அடில ஈயக்குண்டு கட்டின ஈயக்கயிற பாக்கறது மட்டும்தான், அது தரைய விட்டு ஒரு சாண் எழும்பினாலும் அடில இருக்கற மீன் எல்லாம் அந்த இடைவெளில நழுவிடும். கடல்புல் மேல வேகமா இழுத்தா கயிறு தூக்கிக்கும், மெதுவா இழுங்க. கால தூக்கி வைக்காம தரையோட தேச்சு நடங்க, மணல்ல புதைஞ்சு கிடக்கற திருக்கை அதிர்வு தெரிஞ்சா தானா விலகிடும், மிதிச்சா வால் முள்ளால குத்திடும்.

மீனே வராத இழுப்ப பூஜ்யம்னு கட்டாயம் எழுதுங்க, வெறும் கோடு போடாதீங்க. வலை கல்லுல மாட்டி கிழிஞ்ச இழுப்புக்கு பூஜ்யம் போடக்கூடாது, அத செல்லாதுன்னு எழுதிட்டு காரணத்த பக்கத்துல போட்டு மறுபடி கொஞ்சம் தள்ளி இழுங்க. தாள்ல பென்சில்ல எழுதுங்க, பேனா மை ஈரத்துல ஓடிடும், கரை ஏறினதும் எல்லா தாளையும் போன்ல படம் எடுத்து குழுல ரெண்டு பேருக்காவது அனுப்பிடுங்க.